கண்ணியம் எனும் கவசம்

காதல் தோற்றது, கதை முடிந்தது. தோற்கடித்தவன் யார்? எளிய எழுத்தாளன் இதற்கு எளிதாகவே விடை சொல்லிவிடுவான். சீறிப் பாயும் தந்தை, சூழ்ச்சிக்கார மாமன், பணப்பெட்டியோடு வந்து நிற்கும் சீமான் - இவர்களுள் எவனையேனும் கூண்டில் ஏற்றிவிட்டால் போதும். படிப்போர் கண்ணீர் வடிப்பர். பழியெல்லாம் அந்தப் பாதகன் தலையில் விழும். காதலர் இருவரும் மாசற்ற மாணிக்கங்களாய் மறைவர்.

ஆனால், குறுக்கே நின்றவர் ஒருவருமில்லை. ஒரே கூரையின்கீழ் ஆண்டுக்கணக்கில் உடனுழைத்த இருவரின் காதல் கருகிவிட்டது என்றால்? அப்போது கூண்டில் யாரை ஏற்றுவது?

இந்தக் கேள்விக்கு அஞ்சாமல் முகங்கொடுத்தவர் கசுவோ இஷிகுரோ. 1954-இல் ஜப்பானின் நாகசாகியில் பிறந்து, 1960-இல் பெற்றோருடன் இங்கிலாந்து சென்றவர். 2017-இல் நோபல் பரிசு பெற்றவர். 1989-இல் வெளிவந்து அவ்வாண்டே புக்கர் பரிசு பெற்ற அவருடைய 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே' என்னும் நாவலை நாம் இருமுறை படித்தோம். முதன்முறை அழுதோம், மறுமுறை சினந்தோம். சினம் பிறந்த காரணமே இக்கட்டுரை.

டார்லிங்டன் பிரபுவின் மாளிகையிலே ஸ்டீவன்ஸ் பட்லர். பணிப்பெண்களுக்குத் தலைவி மிஸ் கென்ட்டன். நாள்தோறும் வேலை ஓய்ந்ததும் அவள் அறையில் இருவரும் கோகோ அருந்தியபடி பேசுவர். பேச்சு? மாளிகை வேலை பற்றியே! அவள் நெருங்குகிறாள், அவன் விலகுகிறான். முடிவில் அவள் வேறொருவரை மணந்து செல்கிறாள். நெடுநாட்களுக்குப் பின், 1956-இல், அவளை மீண்டும் வேலைக்கு அழைக்கும் எண்ணத்தோடு அவன் கார்ன்வால் வரை பயணம் போகிறான். இவ்வளவே கதை.

அவனைத் தடுத்தது எது? கண்ணியம் என்கிறான். பெரிய பட்லருக்குரிய கண்ணியம் யாதென்று பக்கம் பக்கமாக ஆராய்கிறான். மாடியில் தந்தை உயிர் விடும்போதும், கீழே விருந்தினருக்குப் பணிவிடை செய்கிறான். அந்த முதியவரின் கண்களை மூடுகிறவள் கென்ட்டன்!

"பணியிடத்தில் காதலைக் கலவாதிருத்தல் உயர்ந்த பண்பல்லவா? மேலும் அவன் மேலதிகாரி. தன் ஆசையை அவள்மேல் சுமத்தாதது நேர்மையல்லவா?" என்று கேட்பர் சிலர். நேர்மையான கேள்விதான். நாள்தோறும் மாணவரிடம் கடமையைப் பற்றிப் பேசும் நாமும் முதன்முறை அப்படித்தான் எண்ணினோம். ஆனால், கென்ட்டனைத் தாய்போல் வளர்த்த அத்தை இறந்த செய்தி வந்த அன்று அவன் செய்தது என்ன? ஆறுதல் சொல்லவே அவளைத் தேடிப் போகிறான். போனவன், புதிய பணிப்பெண்களின் வேலையிலுள்ள குறைகளைச் சுட்டிக்காட்டிவிட்டுத் திரும்புகிறான். காதலை அடக்கியது கண்ணியம் என்றே கொள்வோம். இரக்கத்தை அடக்கியதற்கு என்ன பெயர்?

வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 1930-களில், யூதர் என்பதற்காகவே இரண்டு பணிப்பெண்களை நீக்கச் சொல்கிறார் பிரபு. இது பெருந்தவறு என்று கொதிக்கிறாள் கென்ட்டன். அவன் உள்ளமும் அதை ஒப்பவில்லை. உதடோ எசமானுக்காகவே வாதாடுகிறது. பிரபு மனம் வருந்திய பிறகே தனக்கும் அன்று வேதனைதான் என்கிறான். அன்றே சொல்லியிருந்தால் தனக்கு எவ்வளவு துணையாக இருந்திருக்கும், ஏன் எப்போதும் நடிக்கிறீர்கள் என்று கேட்கிறாள் அவள்.

இங்கேதான் காதல் தோற்றது! உடனுழைப்போர் காதல் நிலவொளியில் பிறப்பதன்று. அநீதி கண்டபோது, "நீ நினைப்பதையே நானும் நினைக்கிறேன்" என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்லும் துணிவில் பிறப்பது. எசமானிடம் அறிவை அடகு வைத்தவன் இதயத்தை மட்டும் எப்படி மீட்டு வைத்திருப்பான்?

கென்ட்டனும் குற்றமற்ற சிலையல்லள். வேலையை விட்டுப் போகிறேன் என்று சூளுரைத்தவள், போகவில்லை. போக இடமில்லை, அஞ்சினேன் என்று தானே ஒப்புக்கொள்கிறாள். அந்த உண்மையே அவளைக் காப்பாற்றுகிறது. காதல் கைகூடாத பெண்ணைக் கிணற்றில் தள்ளாமல், வாழ வைக்கிறார் ஆசிரியர். அவனோடு வாழ்ந்திருக்கக்கூடிய வாழ்வைச் சில வேளை எண்ணியதுண்டு என்று அவனிடமே சொல்கிறாள். சொல்லிவிட்டுக் கணவனிடம் திரும்புகிறாள். அவனோ வேமவுத் கடற்பாலத்தில், முன்பின் அறியாதவனிடம் அழுகிறான் - பிரபுவை நம்பினேன், என் தவறுகளை நானே செய்தேன் என்று சொல்லும் பெருமைகூட எனக்கில்லையே என்று!

தோற்ற காதலைத் தீட்டும் எழுத்தாளத் தோழர்களே! வில்லனைத் தேடி வெளியே ஓடாதீர்கள். ஊமையாய் நின்ற உதட்டைக் காட்டுங்கள். அதைப் பூட்டிய அடிமைத்தனத்தைக் காட்டுங்கள். அழவைப்பது எளிது, அழுதவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாம் இன்று சொல்லாமல் விழுங்கிய சொல் எது என்று தன்னையே கேட்கச் செய்வதுதான் இலக்கியம்.