யாருக்காக இந்த இருத்தல்?

2024இல் கான் விழாவில் கிராண்ட் பிரி வென்ற, பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' படத்தைச் சீர்காழி வீட்டில் தனியாகப் பார்த்தேன். மும்பையில் செவிலியான பிரபாவுக்கு ஒரு ரைஸ் குக்கர் வருகிறது. ஜெர்மனி போய்ப் பேச்சையே நிறுத்திவிட்ட கணவன்தான் அனுப்பியிருக்க வேண்டும். இரவில் அதைக் கட்டிக்கொள்கிறாள்.

முல்லையின் உரிப்பொருள் 'இருத்தல்' என்று வருடாவருடம் பாடம் நடத்துகிறேன். முல்லைத் தலைவன் திரும்பி வருவதாகச் சொல்லிப் போனவன். சொல்லே இல்லாத காத்திருப்புக்கும் அந்தப் பெயர் பொருந்துமா? ஊர் அதைக் கற்பு என்கிறது.

அதை அறமென்று நம்பும்வரை, ஷியாஸைக் காதலிக்கும் அனுவைப் பிரபா கடிந்துகொள்கிறாள். கற்பனையில் கணவனை மறுத்த பிறகே, அவனையும் அழைத்து வா என்று அனுவிடம் சொல்ல முடிகிறது.

என் காத்திருப்பை அளவுகோலாக்கி நான் கடிந்துகொண்ட மாணவிகள் நினைவுக்கு வந்தார்கள்.