கழுகைக் கொன்ற கருணை

திருக்கழுக்குன்றத்து மலைமேல் உச்சிவேளை நெருங்கும்போது அர்ச்சகர் சர்க்கரைப் பொங்கலோடு பாறையில் காத்திருப்பார். இரண்டு கழுகுகள் வட்டமிட்டு இறங்கி, அவர் தருவதை உண்டுவிட்டுப் பறந்துவிடும். காசியில் நீராடிவிட்டு வரும் முனிவர்களே அவை என்பது பக்தர்களின் நம்பிக்கை. பறவையியலாளர்கள் அவற்றை மஞ்சள்முகப் பாறு என்பார்கள். பறவைகள் வராமல் போன நாளில், கூட்டத்தில் பாவி யாரோ இருக்கிறார் என்று பேசிக்கொள்வது அங்கே வழக்கமாக இருந்தது.

1990-களின் பிற்பகுதிக்குப் பிறகு அவை வருவதேயில்லை. நாடு முழுவதும் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், மடிந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பழைய பேச்சை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பாவி யார் என்ற கேள்விக்கு இன்று விடை தேட முடியும். ஆனால் அந்தத் தேடல், சமயங்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டுவரும் சிக்கலொன்றில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இந்திய வானத்தில் மிகுதியாக இருந்த பெரும்பறவைகளுள் ஒன்று வெண்முதுகுப் பாறு. 1992-க்கும் 2007-க்கும் இடையே அதன் எண்ணிக்கை 99.9 சதவீதம் குறைந்தது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று மிஞ்சியது. ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர் இந்த வீழ்ச்சியைக் கண்கூடாகப் பார்த்தார். கழுத்தைத் தொங்கவிட்டபடி நாள்கணக்கில் கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவை, ஒரு நாள் கீழே விழுந்துவிடும். அறுத்துப் பார்த்தால் ஈரல், இதயம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருக்கும். சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. தொற்றுநோயோ, பூச்சிக்கொல்லியோ என்று பலரும் தேடினார்கள். பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004-இல் காரணத்தை வெளியிட்டார்கள்: டைக்ளோஃபினாக்.

மனிதர் மூட்டுவலிக்குச் சாப்பிடும் அதே மருந்துதான். விலை மலிவு. 1990-களில் அது மாட்டு வைத்தியத்துக்கும் வந்தது. மடிநோய் கண்ட பசு, நொண்டும் எருது, காய்ச்சலில் படுத்துவிட்ட கன்று எல்லாவற்றுக்கும் ஓர் ஊசி போட்டால் வலி அடங்கும். ஊசி போட்ட சில நாள்களுக்குள் மாடு இறந்துவிட்டால், அதன் உடலில் மிஞ்சிய மருந்து பாறின் வயிற்றுக்குள் போகும். ஆந்த்ராக்ஸ் கிருமியையே செரித்துவிடக்கூடிய அமிலம் சுரக்கும் வயிறு அது. இந்த மருந்துக்கு முன் தோற்றுப்போனது. ஒரே மாட்டை ஒரு பெருங்கூட்டமே உண்பதால், நூறு மாடுகளில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இனம் அழியப் போதும் என்று பின்னர் கணக்கிட்டார்கள்.

இந்தக் கதையில் கொலைகாரன் என்று சுட்ட ஒருவரும் இல்லை. பசுவைக் கொல்லாமல் சாகும்வரை வைத்துப் பராமரிக்கும் அறம் இந்த மண்ணில் வேரோடியது. அந்த அறத்தால்தான் இயற்கையாக இறந்த மாடுகள் ஊர் எல்லையில் கிடந்தன. பாறுகளும் பெருகி வாழ்ந்தன. வலியில் துடிக்கும் பசுவுக்கு ஊசி போட்டதும் அதே அறத்தின் அக்கறைதான். அந்தக் கருணையின் வழியாகவே நஞ்சு போய்ச் சேர்ந்தது.

எண்ணமில்லாமல் நேர்ந்த கொலை பாவமா? பாலி மொழியில் உள்ள பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சுத்தம் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது. உடலால் செய்யும் செயலே பெருங்குற்றம் என்பது அதில் வரும் சமணர் தரப்பு. மனமே முதன்மை என்கிறார் புத்தர். நடக்கும்போது காலடியில் அறியாமல் மிதிபடும் சிற்றுயிர்களைப் பற்றிய கேள்வியும் அங்கே எழுகிறது. பௌத்தக் கோலால் அளந்தால், மாட்டுக்கு ஊசி போட்ட விவசாயி குற்றமற்றவர். சமணத் துறவிகளோ மயிற்பீலியால் தரையைக் கூட்டிவிட்டுத்தான் உட்கார்கிறார்கள். தெரியாமல்கூட ஓர் உயிர் சாகக் கூடாது, தெரிந்துகொள்ள முயல்வதும் என் கடமை என்பது அந்தப் பீலியின் பொருள். தமிழில் சமண நூலான நீலகேசி, புலால் உண்ணும் பௌத்தரைக் கடுமையாக மறுத்து வாதிடுகிறது. கொன்றது நானல்ல என்று சொல்லி விலகிக்கொள்ள அந்த நூல் விடுவதில்லை.

சுற்றுச்சூழல் கேடுகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே. யாரும் கெடுதல் நினைப்பதில்லை. ஒவ்வொருவர் பங்கும் சிறியது. விளைவு எங்கோ, எப்போதோ. எண்ணத்தை மட்டும் பார்க்கும் அறம் இங்கே கைவிட்டுவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் சமணரின் எச்சரிக்கையே நமக்கு வேண்டியது. 2004-க்கு முன் ஊசி போட்டவர்களை மன்னிக்கலாம், மன்னிக்கத்தான் வேண்டும். தெரிந்த பிறகும் தொடர்ந்ததற்கு எந்தச் சமயத்திலும் மன்னிப்பு இல்லை.

தொடரத்தான் செய்தது. இந்திய அரசு 2006-இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. ஆனாலும் மனிதருக்கென்று விற்ற பெரிய குப்பிகள் மாட்டுத் தொழுவங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. 2015-இல் அந்தக் குப்பியை 3 மில்லிக்குச் சுருக்க வேண்டியதாயிற்று. இதே கேடு செய்யும் கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபினாக் இரண்டும் கால்நடை வைத்தியத்தில் தடை செய்யப்பட 2023 வரை ஆனது. பாறுகளைக் கெடுக்காத மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து 2006-லேயே அடையாளம் காணப்பட்டிருந்தும் இத்தனை தாமதம்.

இழப்பு பறவைகளோடு நிற்கவில்லை. மும்பை மலபார் குன்றில் பார்சிகள் இறந்தோரை அமைதிக் கோபுரத்தில் பறவைகளுக்கு விடுவார்கள். நெருப்பும் நிலமும் நீரும் பிணத்தால் மாசுபடக் கூடாது என்பது அவர்கள் நெறி. பாறுகள் போனபின் அங்கே சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளை நிறுவினார்கள். தகனத்தை நாடியவர்களும் உண்டு. ஒரு மருந்துக் குப்பி ஒரு மதத்தின் இறுதிச் சடங்கையே அசைத்துவிட்டது. கிராமங்களில் அழுகிய மாடுகள் நீர்நிலைகளைக் கெடுத்தன, தெருநாய்கள் பெருகின. பாறுகளின் மறைவால் 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்ததாக எயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற பொருளியலாளர்கள் 2024-இல் வெளியான ஆய்வில் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

காஞ்சிபுரத்துக்கு அருகே திருப்புட்குழியில், ராமன் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த தலம் என்று வழிபடுகிறார்கள். தந்தைக்குச் செய்யும் கடனை ஒரு கழுகுக்குச் செய்ததைக் கொண்டாடும் மரபு, உயிரோடிருக்கும் கழுகுக்கு என்ன செய்தது என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். வழிபாடு ஒரு பறவையின் பெயரைக் காப்பாற்றுகிறது. பறவையைக் காப்பாற்ற வழிபாடு மட்டும் போதாது என்பதைத் திருக்கழுக்குன்றம் காட்டிவிட்டது.

இன்னும் காலம் கடந்துவிடவில்லை. நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில், ஆற்றங்கரை நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். ஆகவே ஒவ்வொரு குஞ்சும் முக்கியம். மாடு வளர்ப்பவர்களும், கோசாலை நடத்தும் கோயில்களும், மடங்களும் செய்ய வேண்டியது எளிது. மாட்டுக்கு வலி ஊசி போடும்போது மருந்தின் பெயரைக் கேளுங்கள். மெலாக்சிகாம் தரச் சொல்லுங்கள். மனிதருக்கான டைக்ளோஃபினாக்கை மாட்டுக்கு வாங்காதீர்கள், விற்கிறவர்களைக் கண்டால் கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள்.