கை மாறிய குட்டி

முதலில் பெரிய குட்டியைத்தான் தொட்டார். கத்தரிக்கோல்கூட அதன் காம்பருகே போய்விட்டது. பிறகு கை என்னவோ நகர்ந்து, கம்பியின் கடைசியில் தொங்கிய சின்னதை வெட்டிக் கொடுத்தது. மதுரை சொக்கிகுளத்தில் தனியே வசிக்கும், பணி ஓய்வு பெற்ற அந்த அறிவியல் டீச்சரை மூன்று வாரமாகப் படுத்துவது இந்த அரை நொடிதான்.

நடந்தது இவ்வளவே. பால்கனியில் இருந்த ஸ்பைடர் பிளான்ட்டுக்குத் தொட்டி மாற்ற வேண்டியிருந்தது. வீட்டு வேலைக்கு வரும் பெண் மண் மூட்டையை மாடிக்குச் சுமந்து வந்தார். வேலை முடிந்து கை கழுவும்போது, “டீச்சர், எனக்கும் ஒரு குட்டி குடுங்களேன்” என்றார். செடியிலிருந்து நீண்ட கம்பிகளில் ஏழு குட்டிகள் தொங்கின.

கத்திரி வெயில் போகட்டும் என்று ஆடி வரை தள்ளிப்போட்ட வேலை அது. அதற்குள் ஆறு அங்குல பிளாஸ்டிக் தொட்டி ஒரு பக்கம் புடைத்துவிட்டது. ஊற்றிய தண்ணீர் மண்ணில் இறங்காமல் ஓரமாகவே வழிந்தது. கவிழ்த்துத் தட்டினால் மண் உதிரவில்லை. வேரே தொட்டியின் வடிவத்தில் வெளியே வந்து நின்றது. பிஞ்சு முள்ளங்கி போல வெள்ளை வெளேரென்று பருத்த வேர்கள். ஆப்பிரிக்காவில் பிறந்த செடி, மழை இல்லாத நாட்களுக்கு அந்த வேரில்தான் தண்ணீரைச் சேர்த்துவைக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் விற்கிற தண்ணீர்விட்டான் கிழங்கு இதற்குப் பங்காளி முறை. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம்.

செம்மண், மணல், மண்புழு உரம் மூன்றையும் கலந்து எட்டு அங்குலத் தொட்டியில் வைத்தார். அதற்கு மேல் பெரிதாகப் போகக்கூடாது. வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கினால் அழுகல் வந்துவிடும். இலை நுனிகள் கருகியிருந்ததற்குப் போர்த் தண்ணீரின் உப்பைத்தான் சந்தேகப்பட்டார். வாளியில் ஓர் இரவு பிடித்துவைத்தால் குளோரின் போகும், உப்பும் ஃப்ளூரைடும் போகாது. அதனால் சில மாதமாகக் கேன் தண்ணீர். “குடிக்கிற தண்ணியவா டீச்சர் செடிக்கு ஊத்துறீங்க?” என்று அந்தப் பெண் ஒருமுறை சிரித்தார். டீச்சரும் சிரித்துவைத்தார்.

கொடுப்பதால் டீச்சருக்கு எந்த நட்டமும் இல்லை. ஏழு குட்டிகளையும் கொடுத்திருந்தால்கூட, பகல் சுருங்கும் மாதங்களில் செடி மறுபடியும் கம்பி நீட்டும், குட்டி விடும். நட்டமே இல்லாத இடத்தில் கை ஏன் கணக்குப் பார்த்தது? பெரிய குட்டியின் அடியில் வேர் முளைகள் துருத்திக்கொண்டிருந்தன. தண்ணீரில் வைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் பிடித்துக்கொள்ளும். சின்னதில் முளை இல்லை. அது அவருக்குத் தெரியும். முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவருக்கு எப்படித் தெரியாமல் போகும்?

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் அவருடைய அம்மா உறைமோர் கொடுப்பார். கிண்ணத்தோடு வருகிறவர்களுக்குச் சட்டியின் அடியில் கிடக்கும் புளித்த மோரை ஊற்றியதில்லை. ஏட்டோடு ஒரு கரண்டி. உறைமோரும் இந்தக் குட்டி மாதிரிதான், கொடுத்தாலும் குறையாது. அம்மாவின் பிள்ளையாக இருந்தும் இப்படியா என்று அவர் தன்னைக் குத்திக்கொண்டதுண்டு. அப்புறம்தான் மற்றது நினைவுக்கு வந்தது. விளக்கு வைத்துவிட்டால் அதே அம்மா ஒரு சொட்டு மோர் கொடுக்கமாட்டார். கொல்லையை ஒட்டிய மல்லிகைத் தோட்டத்திலிருந்து ஒரு பதியனைக்கூட யாருக்கும் கொடுத்ததில்லை. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்கு நாற்று ராமேசுவரத்துக்குப் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து வருவது வழக்கம். காசு கொடுத்து வாங்கியது, காசு கொடுக்கிற செடி. அம்மாவின் தாராளத்துக்கும் வேலி இருந்தது. இதில் டீச்சருக்குக் கொஞ்சம் ஆறுதல்; ஆறுதல்பட்டதில் கொஞ்சம் வெட்கம்.

ஜெர்மன் கவிஞர் கதே ஸ்பைடர் பிளான்ட்டின் குட்டிகளை நண்பர்களுக்கு அனுப்பியதாக டீச்சருக்கு எங்கோ படித்த நினைவு. தேடிப் பார்த்தால், அவர் விரும்பி அனுப்பியதாகக் கிடைத்தது ரணகள்ளியின் இலைகள். ஜெர்மனியில் அதற்குக் கதே செடி என்றே பெயர். நம் ஊரில் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’. ஆறாம் வகுப்பில் அந்த இலையை நோட்டுக்குள் வைத்துத் தினமும் திறந்து பார்த்தது டீச்சருக்கு மறக்கவில்லை. இலை விளிம்பின் பள்ளங்களில் கடுகளவு குட்டிகள் முளைத்திருக்கும். பக்கத்து பெஞ்சுத் தோழிக்கு ஒன்று கொடுத்தார். பெரியதையா சின்னதையா? அந்த வயதில் அளந்து பார்த்திருக்கமாட்டார் என்று நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது.

இன்னொரு முள்ளும் உண்டு. குட்டியை வாங்கிக்கொண்டு, “காத்தைச் சுத்தம் பண்ணுமாமே டீச்சர், பயலுக்கு இழுப்பு இருக்கு” என்றார் அந்தப் பெண். செடிகள் காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சுக்கு அடிப்படையான, 1989-இல் வெளிவந்த நாசா ஆய்வு மூடிய கூண்டுகளுக்குள் நடந்தது. வீட்டில் காற்று வந்து போவதாலேயே கிடைக்கும் பலனைச் செடிகள் தர ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வரை தேவைப்படும் என்று 2019-இல் பழைய சோதனைகளை அலசியவர்கள் கணக்கிட்டார்கள். டீச்சருக்கு இது தெரியும். “வையும்மா, நல்லது” என்று மட்டும் சொன்னார். சின்னதைக் கொடுத்த கையும் இதைச் சொன்ன வாயும் ஒரே ஆளுடையவைதானா என்று சில இரவுகளில் அவருக்குச் சந்தேகம் வருகிறது.

மறுநாளே பெரிய குட்டியை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி அடுப்படி ஜன்னலில் வைத்தார். கொடுத்துவிடலாம் என்றுதான். கொடுத்தால் முதலில் கொடுத்தது எப்படிப்பட்டது என்று தானே சொன்னதாகிவிடுமே என்று தோன்றியது. ஒருவேளை அந்தப் பெண் அன்று கத்தரிக்கோலையே கவனித்திருக்கமாட்டார். கவனித்து, இது வழக்கந்தானே என்று விட்டிருக்கவும் கூடும். இரண்டில் எது என்று டீச்சரால் முடிவுகட்ட முடியவில்லை. எதுவாக இருந்தால் தனக்கு நிம்மதி என்பதும் பிடிபடவில்லை.

டம்ளரில் வேர் இப்போது அடியைத் தொட்டு வளைந்துவிட்டது. அந்தப் பெண் தினமும் காலையில் டம்ளரைத் தூக்கி, மேடையைத் துடைத்து, அதே இடத்தில் வைத்துவிட்டுப் போகிறார்.