எதுவரை திரும்பினார்?

வெளிநாட்டில் தேர்ச்சி பெற்ற டாக்டர் ஊருக்கே வந்துவிட்டார் என்றால் நாம் மகிழ்ந்து போகிறோம். எதுவரை வந்தார் என்று கேட்பதில்லை. நகரத்து மருத்துவமனைவரையா, நோயாளியின் வீட்டுத் திண்ணைவரையா?

எச்.எல். திரிவேதி 1932-இல் குஜராத்தின் கிராமம் ஒன்றில் பிறந்தவர். அமெரிக்காவில் பயிற்சி பெற்று, கனடாவின் ஹாமில்டன் நகரில் சிறுநீரக மருத்துவராக வேரூன்றினார். 1977-இல் அதை உதறிவிட்டு அகமதாபாத் வந்து, அரசு சிவில் மருத்துவமனை வளாகத்தில் சிறுநீரகத்துக்கென்றே ஒரு நிறுவனத்தை வளர்த்தெடுத்தார். 2019-இல் இறக்கும்வரை அதுதான் அவர் வாழ்க்கை. கைவிட்டது பெரிய சம்பளம். கட்டியது ஏழைகளும் நுழையக்கூடிய ஒரு வாசல்.

ஆனால் சிறுநீரகம் ஊமை உறுப்பு. பெரும்பகுதி கெட்ட பிறகும் வலிக்காது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, நோயாளி அந்த வாசலுக்கு வந்து சேரும்போது பலருக்கு மிச்சமிருப்பது டயாலிசிஸ்தான். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அதை இலவசமாகவே கொடுத்தாலும் பஸ் கட்டணம் உண்டு, போன கூலி உண்டு, கூட வருகிறவரின் கூலியும் உண்டு.

சென்னையில் எம்.கே. மணி இந்தக் கணக்கை மறுமுனையிலிருந்து போட்டுப் பார்த்தார். அப்பல்லோ மருத்துவமனையின் சிறுநீரகத் துறைத் தலைவராக இருந்தவர், பத்மபூஷண் பெற்றவர். சிறுநீரகங்களை அதிகம் கெடுப்பவை சர்க்கரையும் இரத்த அழுத்தமும் என்றால், அவற்றைக் கிராமத்திலேயே பிடித்துவிட முடியாதா?

கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் வழியாக, சென்னையை ஒட்டிய கிராமங்களில் சுமார் 25,000 பேரிடம் அந்த முயற்சி நடந்தது. வீடு வீடாகப் போனது டாக்டர் அல்ல. பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள். இரத்த அழுத்தம் பார்த்தார்கள். சிறுநீரில் சல்போசாலிசிலிக் அமிலம் விட்டார்கள். கலங்கினால் புரதம் ஒழுகுகிறது. பெனடிக்ட் கரைசலோடு சூடாக்கினார்கள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்குப் போனால் சர்க்கரை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் பார்த்த அதே சோதனைதான்.

மருந்துகளும் பழையவை: ரிசர்பின், ஹைட்ரோகுளோரோதயாசைடு, மெட்பார்மின். ரிசர்பின் நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. நகரத்து டாக்டர்கள் எப்போதோ மறந்துவிட்ட மாத்திரை. 2003-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி, ஆண்டுச் செலவு தலைக்கு 27 அமெரிக்க சென்ட். அன்றைய மதிப்பில் 15 ரூபாய்கூட இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது.

இங்கே கைவிட வேண்டியிருந்தது சம்பளத்தை அல்ல. தன்னால் மட்டுமே முடியும் என்ற நிபுணரின் பெருமிதத்தை. பல ஆண்டு படித்தவர், ஊருக்கு மிகவும் தேவைப்படும் வேலையைப் பள்ளிப் படிப்பு முடித்த பெண்ணே செய்துவிடலாம் என்று ஒப்புக்கொள்வது சுலபமல்ல. தான் காப்பாற்றிய ஆள் இன்னார் என்று அவரால் சுட்டிக்காட்டவும் முடியாது. டயாலிசிஸ் தேவைப்படாமலே போனவர், தனக்கு அந்த நிலை வந்திருக்கும் என்று அறியாமலே களையெடுக்கப் போய்விடுகிறார்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பையோடு படியேறி வரும் பெண்ணுக்குப் பல வீடுகளில் கிடைக்கும் முதல் பதில், "எனக்கென்னம்மா, நல்லாத்தானே இருக்கேன்?"

அவள் திண்ணையில் உட்கார்ந்து, பி.பி. கருவியை வெளியே எடுக்கிறாள்.