முத்திரை விழாத தபால் தலை

தபாலில் வந்த ஓர் உறையைப் பிரித்துக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு, உறையின் மூலையில் ஒட்டியிருக்கும் தலைமீது முத்திரை விழவே இல்லை என்பதைக் காணும் அநுபவம், கடிதப் போக்குவரத்து உள்ளவர்கள் அநேகமாக எல்லோருக்கும் எப்போதாவது வாய்த்திருக்கும். புதிதாக வாங்கியதுபோல் பளிச்சென்று இருக்கும் அந்தத் தலையை எடுத்து வேறோர் உறையில் ஒட்டலாமா, கூடாதா? சாதாரணக் கடிதத்துக்கு ஆகும் 5 ரூபாயை முன்னிட்டுத் தர்ம விசாரணை நடத்துவது மிகை என்று சிலர் எண்ணக்கூடும். பெரிய பொருள்களைப் பற்றிய கேள்விகளில் தண்டனைப் பயமும், ஊரார் பழிச்சொல்லும், கௌரவம் பற்றிய கவலையும் கலந்துகொண்டு, மனிதன் யோக்கியனாக நடந்துகொள்வது எதனால் என்பதையே மறைத்துவிடுகின்றன. ஒருவரும் கேட்கமாட்டார்கள், ஒருவருக்கும் தெரியவராது என்ற நிலையிலுள்ள இத்தகைய அற்பப் பொருளிலோ, மனச்சாட்சி ஒன்றைத் தவிர வேறு காவல் கிடையாது. ஆகையால் இந்த விசாரணை வீணன்று.

தபால் தலை என்பது என்ன என்பதை முதலில் நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 1840-ஆம் ஆண்டுக்கு முன் கடிதக் கூலியைப் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவரே கொடுத்துவந்தார். தூரத்துக்கும் தாள்களின் எண்ணிக்கைக்கும் ஏற்ப அது ஏறிக்கொண்டே போகும். ரோலண்ட் ஹில் என்பவர் அந்த ஏற்பாட்டை மாற்றி, அனுப்புகிறவரே ஒரே சீரான கூலியை முன்னதாகச் செலுத்த வேண்டும் என்று வாதாடியதன் பயனாக, அந்த ஆண்டு மே மாதம் 6-ஆம் தேதி ‘பென்னி பிளாக்’ என்ற உலகின் முதல் தபால் தலை புழக்கத்துக்கு வந்தது. நம் தேசத்திலும் 1854 அக்டோபர் முதல், கால் தோலா எடையுள்ள கடிதம் எவ்வளவு தூரம் போனாலும் அரை அணாவே கூலி என்று ஏற்பட்டது. ஆகவே தபால் தலை, ஒரு கடிதத்தை ஒருமுறை உரிய இடத்தில் சேர்ப்பதற்காக அனுப்புகிறவர் செலுத்திய கூலிக்கு அடையாளம். கடிதம் நம் வாசலுக்கு வந்து சேர்ந்த கணத்தில் அந்தக் கூலிக்கு உரிய வேலை நிறைவேறிவிட்டது. தலையின் ஆயுளும் அங்கே முடிந்துவிட்டது. ரயிலை விட்டு இறங்கிய பிறகு, பரிசோதகர் வரவில்லை என்ற காரணத்தால் பையிலிருக்கும் டிக்கெட் நாளைய பிரயாணத்துக்கும் செல்லும் என்று எவரும் சொல்லமாட்டார். முத்திரை, முடிந்த வேலைக்குச் சாட்சி. சாட்சி வரத் தவறியதால், நடந்த காரியம் நடக்காததாக ஆகிவிடாது.

அந்தச் சாட்சிக்கு ஏன் அவ்வளவு அவசியம் நேர்ந்தது என்பதைச் சரித்திரம் காட்டுகிறது. பென்னி பிளாக் தலைகளின்மீது முதலில் சிவப்பு மையால் முத்திரை குத்தினார்கள். அந்த மையைக் கழுவிவிட்டுத் தலையை மறுபடி ஒட்டலாம் என்பது தெரியவந்தபோது, ஓராண்டு நிறைவதற்குள்ளாகவே, 1841-இல், தலையின் நிறத்தைச் சிவப்பாகவும் முத்திரை மையைக் கறுப்பாகவும் மாற்ற நேர்ந்தது. ஊரையும் தேதியையும் காட்டும் பயன் முத்திரைக்கு உண்டென்றாலும், தலையின் முகத்தின்மீதே அது ஓங்கிக் குத்தப்படுவது, மனிதனை மனிதன் நம்ப முடியாததற்காகச் சமூகம் செலுத்திவரும் அபராதமேயாகும்.

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை வகுத்தவர்கள் இந்த நுட்பத்தை உணர்ந்திருந்தார்கள். முன்பே உபயோகமானது என்று அறிந்தும், அரசாங்க ஸ்டாம்பை வஞ்சகமாகவோ அரசாங்கத்துக்கு நஷ்டம் விளைவிக்கும் நோக்கத்துடனோ உபயோகிப்பவருக்கு, அதன் 262-ஆம் பிரிவு இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை விதித்தது; அடையாளத்தை அழிப்பது 263-ஆம் பிரிவில் தனிக் குற்றமாக வைக்கப்பட்டது. முத்திரை இருந்ததா என்று முந்திய பிரிவு கேட்கவில்லை. உபயோகமானது என்று உனக்குத் தெரியுமா என்றே கேட்டது. தம் பெயரும் விலாசமும் எழுதியிருக்கும் உறையைக் கையில் வைத்துக்கொண்டு, தெரியாது என்று சொல்ல எவரால் முடியும்?

சட்டம் செயலைத்தான் பிடிக்கும். சாஸ்திரம் அதற்கு முன்பே, நினைப்பு எழும் இடத்திலேயே வந்து நிற்கிறது. கள்ளாமையைத் துறவறவியலில் வைத்த திருவள்ளுவர், பிறர் பொருளை வஞ்சித்துக் கவரலாம் என்று உள்ளத்தால் நினைப்பதையே தீமை என்று துணிந்தார். பதஞ்சலி, யோகத்தின் முதல் அங்கமாகிய யமத்தில், அஹிம்சைக்கும் சத்தியத்துக்கும் அடுத்தபடியாக அஸ்தேயம் என்னும் கள்ளாமையை அமைத்தார். கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்வதே களவு என்று சமணமும் பௌத்தமும் இலக்கணம் வகுத்தன. காந்தியடிகள், 1930-இல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமவாசிகளுக்கு எழுதிய கடிதங்களில், நமக்கு உண்மையில் தேவையில்லாத பொருளை உடையவர் சம்மதத்தோடு பெறுவதும் களவே என்றார். வந்த உறைகளைப் பிரித்து அவற்றின் உட்புறத்தில் எழுதும் அவருடைய சிக்கனம் நாடறிந்தது. அந்தச் சிக்கனமும் இந்தக் கள்ளாமையும் அவரிடம் ஒரே விரதத்தின் இரு முகங்களாக இருந்தன. உறையின் காகிதம் நமக்குக் கொடுக்கப்பட்டது, அதைக் கடைசி அங்குலம் வரை பயன்படுத்தலாம். அதன்மேலுள்ள தலையை இன்னொரு கடிதத்தைச் சுமக்கச் சொல்லும் உரிமை நமக்குக் கொடுக்கப்படவில்லை.

இந்தக் காரியம் நடக்கும் விதத்தைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். உறையின் மூலையைக் கத்தரித்து ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போடுகிறோம். சிறிது நேரத்தில் பசை இளகி, தலை காகிதத்தை விட்டுக் கழன்றுவருகிறது. பல்விளிம்பு கிழியாமல் விரல்நுனியால் அதை எடுத்து, செய்தித்தாளின்மேல் குப்புற வைத்து உலர்த்தி, சுருண்டுகொள்ளாமலிருக்கப் புத்தகத்துக்குள் அழுத்தி வைத்து, பின்பு கோந்து தடவி ஒட்டுகிறோம். இத்தனை நிதானத்தோடும் இத்தனை சிரத்தையோடும் செய்யும் ஒன்றை, கை தவறி நேர்ந்ததென்று சொல்லிக்கொள்ள இடமில்லை. ஆல்பத்துக்காக ஒரு சிறுவனும் இதே தலையை இதே கிண்ணத்தில்தான் ஊறவைக்கிறான். செயலில் அணுவளவும் பேதமில்லை, சங்கற்பத்தில்தான் பேதமிருக்கிறது.

முத்திரை குத்தத் தவறியது தபால் இலாகாவின் குறை, அதன் பலனை நான் அடைந்தால் என்ன என்பார்கள். ஒருவருடைய கவனக்குறைவு அவர் பொருளை நம்முடையதாக்கிவிடுமானால், அசந்திருப்பவர் எவருக்கும் உலகில் சொத்தே இராது. அரசாங்கத்துக்கு 5 ரூபாய் ஒரு நஷ்டமா என்பார்கள். தூரம் பாராமல் ஒரே கூலி என்ற ஏற்பாடே, பக்கத்துத் தெருவுக்கு எழுதுகிறவர், மலைக்கிராமத்துக்கு எழுதுகிறவரின் செலவில் பங்கேற்கும் ஒரு பொதுத் தர்மம். அதிலிருந்து எடுப்பது ஒருவருக்கும் வலிக்காததற்குக் காரணம், எல்லோரிடமிருந்தும் சிறிது சிறிதாக எடுப்பதுதான். என் கடிதம் ஒன்றை இலாகா தொலைத்துவிட்டதே, அதற்கு ஈடு செய்துகொள்கிறேன் என்பது இவற்றைவிடக் கனமான வாதம். ஆனால் அங்கே வாதியும் நீதிபதியும் ஒருவராகவே இருக்கிறார். பிரதிவாதிக்கு வழக்கு நடப்பதே தெரியாது. குறையிருந்தால் எழுதி முறையிட வேண்டுமே தவிர, மறைவில் எடுத்துக்கொள்ளும் ஈடு நியாயமாகாது.

உறையில் ஒட்டிய பிறகு கடிதத்தைத் தபாலில் சேர்க்காமலே விட்டுவிட்டோமானால், அந்தத் தலை இன்னும் வேலை செய்யவில்லை. அதை எடுத்து வேறோர் உறையில் ஒட்டுவதில் தோஷமில்லை. அதற்கு மேலும் அஞ்சியவர்கள் உண்டு. தம் நூலின் பெயரால் ‘ஹாஃபெட்ஸ் ஹயீம்’ என்றே அழைக்கப்பட்டு, 1933-இல் ராதின் என்ற ஊரில் மறைந்த யூத ஆசாரியர் இஸ்ரேல் மெயர் ககான், கடிதத்தை ஆள் மூலம் கொடுத்தனுப்பினால், அரசாங்கத்துக்குச் சேரவேண்டிய வருமானம் தம்மால் குறையக்கூடாது என்று தபால் தலையொன்றைக் கிழித்துப் போட்டுவிடுவார் என அவரைப் பின்பற்றுவோர் சொல்லிவருகிறார்கள். கூலியின்றி நண்பர் கையில் கடிதம் கொடுத்தனுப்புவதை நம் 1898-ஆம் ஆண்டுத் தபால் சட்டம் அனுமதித்தே இருந்ததால், எல்லோரும் அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமில்லை. ஆயினும், செய்யாத வேலைக்கும் கூலி கொடுத்தவர் வாழ்ந்த உலகத்தில், கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதற்கு நியாயம் தேடுவது நமக்கு அழகன்று.

ஆகவே, கூடாது என்பதே முடிபு. முத்திரை விழாத தலை உங்கள் கைக்கு வந்தால், மனம் வியாக்கியானம் செய்யத் தொடங்குமுன் பேனாவை எடுத்து அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுங்கள். தலை சேர்க்கும் குழந்தை வீட்டிலிருந்தால், இன்ன காரணத்தால் இது இனிக் கடிதத்துக்கு ஆகாது என்று எடுத்துச் சொல்லி, ஆல்பத்துக்குக் கொடுங்கள். அடுத்த கடிதத்துக்குப் புதுத் தலை வாங்கி ஒட்டுங்கள்.