ஈரத் தரையும் ஒழுக்கமும்

'அதுங்களுக்கு வீடு வச்சிக்கத் தெரியாது.' சேரியைப் பற்றி ஊர்த்தெருவில் வழங்குகிற தீர்ப்புகளில் இது ஒன்று. கோபமாகக்கூடச் சொல்ல மாட்டார்கள். வெயிலடிக்குது, மழை பெய்யுது என்கிற மாதிரிச் சொல்வார்கள். படித்தவர்கள் இதையே கொஞ்சம் பாலிஷ் போட்டு 'சுகாதாரப் பழக்கம் இல்லை', 'முன்கூட்டி யோசிக்கிற புத்தி இல்லை' என்பார்கள். வெள்ளிக்கிழமை வீடு மெழுகுவது, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து முழுகுவது, மழைக்கு முன்னால் விறகு சேர்ப்பது, பனிக்கு முன்னால் போர்வையைத் துவைத்துக் காயப்போடுவது என்று வாராவாரம் முறை தவறாமல் நடக்கிற வீடு நல்ல குடும்பம். நடக்காத வீடு ஒழுக்கங்கெட்டது. தரை ஈரமாக இருக்கிறதா காய்ந்திருக்கிறதா என்று பார்த்து மனுஷரின் ஒழுக்கத்தை அளக்கிறார்கள்.

இந்த அளவுகோல் யாருடையது என்பது முதல் கேள்வி. இதை முறிக்கிறேன் என்று கிளம்புகிற நம் தோழர்கள் சிலர் கையில் வைத்திருக்கிற அளவுகோல் யாருடையது என்பது இரண்டாவது கேள்வி. எனக்கு இரண்டாவதில்தான் சண்டை அதிகம். ஆனாலும் முதலிலிருந்தே வருவோம்.

பழைய தென்னாற்காட்டில், சிதம்பரத்துக்கும் காட்டுமன்னார்கோயிலுக்கும் நடுவில் ஒரு சேரியில் பிறந்தவள் நான். எங்கள் பக்கம் ஆவணி, புரட்டாசியில் நாற்றங்கால், ஐப்பசிவாக்கில் சம்பா நடவு முடியும், கார்த்திகையில் களையெடுப்பு. அதற்கப்புறம் தை அறுப்பு வரைக்கும் கூலி வேலை பெரிசாக இருக்காது. தமிழ்நாட்டில் வருஷம் முழுக்கப் பெய்கிற மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூணு மாசத்தில் கொட்டிவிடுகிறது. எங்கள் கடலோரத்தில் பாதிக்கும் மேலே. மழை, பனி, வேலையில்லாமை மூணும் கைகோத்துக்கிட்டு வர்ற காலம் இது.

அந்த மூணையும் சமாளிக்க வீட்டைத் தயார் பண்ணணும். கூரைக்குக் கரும்புத் தோகையோ விழலோ கொண்டாந்து மாத்தணும். வறட்டி தட்டிக் காயவைத்துப் பரணில் அடுக்கணும். சவுக்கு மிலாறு ரெண்டு கட்டாவது வாங்கிப் போடணும். மாட்டுக்கறியை உப்பும் மஞ்சளும் போட்டுக் கொடியில் காயவைத்து உப்புக்கண்டமாக்கி மூடி வைக்கணும். கருவாடு, புளி, மிளகாய் சேர்க்கணும். நாலு பழஞ்சேலையை ஒண்ணுமேல ஒண்ணு வச்சித் தச்சிப் போர்வையாக்கணும். எங்க ஆயாவுக்கு இந்தப் பட்டியல் மனப்பாடம். முன்கூட்டி யோசிக்கிற புத்தி இல்லையாம்! ஆடி மாசத்திலேயே கார்த்திகையைப் பற்றிக் கவலைப்பட்ட மூளை அது.

புத்தி இருந்தது. நாள்தான் இல்லை. எந்த மாசத்தில் நம் வீட்டைத் தயார் பண்ண வேண்டுமோ அந்த மாசத்தில்தான் கையெல்லாம் அடுத்தவன் சேற்றில். விடியக்காலம் நாலு மணிக்கு ஆண்டை வீட்டு மாட்டுக் கொட்டாய்க்குப் போனால், அங்கிருந்தே வயலுக்குப் போய், பொழுது சாய்ந்துதான் திரும்ப முடியும். 'கூரை மாத்தணும் ஆண்டே, ரெண்டு நாள் வர மாட்டேன்' என்று சொல்ல முடியாது. நடவுக்கு வராதவளை அறுப்புக்குக் கூப்பிட மாட்டார்கள். அறுப்பில் கிடைக்கிற நெல்தான் வீட்டுக்கு ஆதாரம். கூரையைச் சரிபண்ணினால் கஞ்சியில் கைவைத்த மாதிரி ஆகும்.

கொட்டாயில் அள்ளுகிற சாணியைக் கூடையில் சுமந்து அம்மா அவர்கள் வாசலுக்கு வெளியே வைப்பாள். அதைக் கரைத்துத்தான் வெள்ளிக்கிழமைதோறும் அவர்கள் தரை மெழுகினார்கள். மார்கழி முழுக்க வாசல் தெளித்தார்கள். எங்க கை தொட்ட தண்ணி தீட்டு. எங்க கை தொட்ட சாணி தீட்டைக் கழிக்கிற பொருள். இந்தத் தத்துவத்தை விளக்க எந்தச் சாஸ்திரியும் இதுவரை எங்கள் பக்கம் வந்ததில்லை.

எங்கள் வாரத்துக்குத் தலை செவ்வாய்க்கிழமை. சந்தை நாள். மற்ற ஆறு நாளுக்கும் பேர் கிடையாது. வேலைக்குக் கூப்பிட்ட நாள், கூப்பிடாத நாள், அவ்வளவுதான். மழை பிடித்துக்கொண்டால் கூப்பிட மாட்டார்கள். அன்றைக்குத்தான் அம்மா எங்களை வரிசையாக உட்காரவைத்துப் பேன் பார்ப்பாள். சந்தையில் வாங்கின விளக்கெண்ணெயில் மிச்சம் இருப்பதை உச்சியில் வைத்துத் தேய்ப்பாள். ஒழுகுகிற இடத்தில் குண்டானை வைத்துவிட்டு, ஒழுகாத இடத்தை மெழுகுவாள். கிடக்கிற துணியை எல்லாம் துவைப்பாள். கூலி இல்லாத நாள் அது. ராத்திரிக்கு நொய்க்கஞ்சி இருந்தால் உண்டு. ஊர்த்தெருவில் எண்ணெய் முழுக்கு என்றால் அன்றைக்கு நல்ல சாப்பாடு. எனக்கு எண்ணெய் வாசனை வந்தால் இன்றைக்கும் முதலில் பசிதான் ஞாபகம் வருகிறது.

மழைநாளில் துவைத்த துணி எங்கே காயும்? அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போடுவாள். ஈர விறகு புகையும். விடியும்போது துணி பாதி காய்ந்திருக்கும். புகை முழுசாக ஏறியிருக்கும். அதைப் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனால் வாத்தியார் மூக்கைச் சுளிப்பார். 'துவைக்கவே மாட்டீங்களா?' துவைத்ததால் வந்த நாற்றம் அது. துவைக்காமல் முந்தாநாள் போட்டதையே மாட்டிக்கொண்டு போயிருந்தால் அந்தப் புகை வாசனை வந்திருக்காது. மழைக்காலத்தில் எங்கள் வகுப்பில் நாறின பிள்ளைகள் எல்லாம் துவைத்துப் போட்ட பிள்ளைகள்.

ஒரு காரியத்தைச் செய்யவில்லை என்று ஒருத்தரைக் குற்றம் சொல்வதானால், அதைச் செய்ய அவருக்கு வழி இருந்திருக்க வேண்டும். கோர்ட்டுக்குப் போகாதவருக்கும் தெரிந்த நியாயம் இது. வீட்டைப் பேண நேரம் வேண்டும், தண்ணீர் வேண்டும், காய்ந்த இடம் வேண்டும். நேரத்தை எடுத்துக்கொண்டாயிற்று. ஊர்க் கிணறு கிடையாது. ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில். 2015 நவம்பரில் கடலூர் மாவட்டத்தில் வெள்ளம் வந்தபோது சேரிகள் அப்படி அடிபட்டதற்கு மழையை மட்டும் காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது. எந்த நிலத்தை யாருக்கு ஒதுக்கினார்கள் என்பது பழைய கதை. இதையெல்லாம் பிடுங்கிக்கொண்டவர்களே வந்து நின்று தரை ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று ஒரு பழமொழி. பனியின் கடுமைக்காகச் சொல்வது. என் காதுக்கு வேற மாதிரிக் கேட்கிறது. தரையில் படுத்தவளுக்குத் தையிலேயே குளிர் ஏறிவிடுகிறது. மச்சில் படுத்தவருக்கு ஒரு மாசம் கழித்து. கூதிர்காலத்தைப் பாடின நெடுநல்வாடையிலும் மேல்மாடமும் சன்னலடைப்பும் கணப்புச் சட்டியும் விரிவாக வருகின்றன. சந்தனக்கல் சும்மா கிடப்பதும் விசிறி ஓய்ந்திருப்பதும்கூட வருகின்றன. கோவலர் கையில் கொள்ளிக்கட்டையோடு நடுங்கி நிற்பது கொஞ்ச வரிதான். அவர்கள் வீட்டில் அன்றைக்கு என்ன செய்தார்கள் என்று நக்கீரருக்குத் தெரியாது. எழுதுவதற்கு நாம்தான் இருக்கிறோம்.

வாரத்தில் ஒரு நாள் தனக்கென்று வேண்டும் என்பதை நமக்கு வெள்ளைக்காரன் சும்மா கொடுத்தான் என்று நினைப்பவர்கள் நிறைய. நாராயண் மேகாஜி லோகண்டே என்று ஒருவர் இருந்தார். ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் இயக்கத்துக்காரர். 1884ல் பம்பாய் மில் தொழிலாளர்களுக்குச் சங்கம் தொடங்கி, போராடி, 1890ல் ஞாயிற்றுக்கிழமை லீவை வாங்கினார். வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அம்பேத்கர் 1946ல் தொழிற்சாலைச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தார். வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்று ஆனது. 1948ல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் விவசாயக் கூலிகளையும் சேர்த்தார்கள். ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு என்பதற்கும் அதில் இடமிருந்தது. எங்க அம்மாவுக்குச் சட்டம் ஒரு நாளும் ஓய்வு கொடுத்ததில்லை. மழை கொடுத்தது, கூலியைப் பிடித்துக்கொண்டு.

இப்போது தோழர்களிடம் வருகிறேன். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி 1990களில் தலித் பண்பாடு பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. பறையும் மாட்டுக்கறியும் நம் பேச்சும் இழிவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னோம். அதில் எனக்கு இன்றைக்கும் கருத்து மாறவில்லை. ஆனால் அந்த விவாதத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு சிலர் இன்னும் ஒரு படி போனார்கள். வெள்ளிக்கிழமை மெழுகுவதும் தலைமுழுகுவதும் வாசலில் கோலம் போடுவதும் மேல்சாதியைப் பார்த்துச் செய்கிற போலி, பார்ப்பனியம். அழுக்கே நம் ஆயுதம் என்றார்கள். கேட்க நன்றாக இருக்கும். கூட்டத்தில் கைதட்டு வாங்கும். காய்ந்த தரையில் படுத்து எழுந்து வந்தவர்தான் இப்படிப் பேச முடியும். நசநசவென்ற தரையில் கைப்பிள்ளையைப் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவள் ஒருத்தியும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

காய்ந்த தரை வேண்டும் என்று ஆசைப்படுவதற்கு மனுவிடம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டுமா? அயோத்திதாசப் பண்டிதர் தீபாவளியையும் கார்த்திகை தீபத்தையும் எண்ணெயின் கதையாகத்தான் விளக்கினார். பௌத்தர்கள் எள்ளிலிருந்து எண்ணெய் எடுத்துத் தேய்த்து முழுகினது ஒன்று, ஆமணக்கு எண்ணெயில் விளக்கெரித்தது ஒன்று என்று. அவர் சொன்ன வரலாற்றில் வாதாட இடமுண்டு. ஆனால் எண்ணெய் முழுக்கு எவனும் நமக்குப் போட்ட பிச்சையில்லை என்று நூறு வருஷத்துக்கு முன்பே பேச அவருக்குத் துணிச்சல் இருந்தது. 1927 டிசம்பரில் மகாடில் மனுஸ்மிருதியைக் கொளுத்தின அம்பேத்கர், அதே மாநாட்டை ஒட்டிப் பெண்களிடமும் பேசினார். சேலையை மற்றப் பெண்கள் கட்டுகிற மாதிரிக் கட்டுங்கள், தீண்டாமைக்கு அடையாளமாக இருக்கிற நகைகளைக் கழற்றுங்கள், துணி கிழிசலானாலும் சுத்தமாக இருக்கட்டும் என்றார். மனுவைக் கொளுத்தின கையோடு பார்ப்பனியத்தையா போதித்தார்? எது நமக்கு அடையாளம் என்பதை எதிரி முடிவு பண்ணக் கூடாது என்றார். அழுக்கை நம் தலையில் கட்டினது அவர்கள். அதை ஆயுதம் என்று நாமே பெருமையாகத் தூக்கித் திரிந்தால் அவர்களுக்கு என்ன நஷ்டம்?

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. வீட்டு முறை என்று பேச ஆரம்பித்தால் அது பெண்ணின் முதுகில்தான் போய் விழும். ஊர்த்தெருவுக்காரன் 'ஒழுங்கில்லை' என்று சொன்னாலும் அவளைத்தான் சொல்கிறான். தோழர் 'போலி' என்றாலும் அவளைத்தான் சொல்கிறார். 2019ல் மத்திய அரசு நேரக் கணக்கெடுப்பு ஒன்று எடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அப்போது ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிஷம் அதில் செலவழித்தார்கள். செய்கிற ஆண்கள் 97 நிமிஷம். 'செய்கிற ஆண்கள்' என்பதைக் கவனிக்கணும். மொத்த ஆண்களில் அப்படிப்பட்டவர்கள் நாலில் ஒருத்தர்தான். லோகண்டே வாங்கின ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு ஆண்களுக்கு வந்து சேர்ந்தது. கூட்டத்துக்குப் போகிறார்கள், விடுதலை பேசுகிறார்கள். நல்லது. மழைக்காலத்தில் அந்த வெள்ளைச் சட்டை எப்படிக் காய்ந்தது என்று கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்த அம்மா ராத்திரி முழுக்க அடுப்பணைய விடாமல் உட்கார்ந்திருக்கிறார். பண்பாட்டு ஆய்வில் இதற்குப் பேர் வைத்ததாகத் தெரியவில்லை.

இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். மழைநாள் என்றால் பட்டினி என்ற நிலை இல்லை. கூரைக்குப் பதிலாகத் தொகுப்பு வீடு. அதிலும் கம்பி தெரிகிறது, காரை பெயர்ந்து விழுகிறது, கார்த்திகையில் சுவர் ஓதம் ஏறி நிற்கிறது. கேஸ் அடுப்பு வந்த பிறகு அடுப்புக்கு மேலே துணி காயப்போடுகிற வழியும் போய்விட்டது.

போன ஐப்பசியில் எங்கள் காலனியில் கலெக்டர் ஆபீசுக்குக் கொடுக்க மனு எழுதினார்கள். சுடுகாட்டுப் பாதை, தண்ணித் தொட்டி, தெருவிளக்கு. பெண்கள் நாலைந்து பேர் இன்னொன்றும் எழுதச் சொன்னார்கள். மழையில் துணி காயப்போட நடுத்தெருவில் நாலு பக்கமும் காற்று வர்ற மாதிரி ஒரு ஷீட் கொட்டகை. எழுதிக்கொண்டிருந்த தம்பி சிரித்துவிட்டான். 'இதெல்லாம் கோரிக்கையா பெரிம்மா?' 'சுடுகாட்டுப் பாதையும் எழுது, இதையும் எழுது. ஒண்ண அடிச்சிட்டு ஒண்ண எழுதச் சொல்லல' என்றார் அவர். அவன் எழுதவில்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அவர்களே ஒரு நோட்டுத் தாளில் தனியாக எழுதி, பதினோரு கையெழுத்தும் ஆறு கைநாட்டும் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தார்கள். ரசீது பெரிம்மாவின் ரேஷன் கார்டுக்குள் இருக்கிறது.