வழியில் நின்ற வண்டி

சாலையோரத்தில் ஒருவன் வண்டியை நிறுத்திவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். நாம் அந்த வழியாகப் போகிறோம். நின்று விசாரிப்பதா, போய்விடுவதா?

என் தாய்மாமா இதை ஒரு கேள்வியாகவே மதித்ததில்லை. ஏலக்காய் வியாபாரமாக மதுரைக்கும் போடிக்கும் புல்லட்டில் போய் வருவார். பள்ளிக்கூட விடுமுறை என்றால் பின்னால் நான். வழியில் எவன் வண்டி நின்றாலும் இவர் வண்டியும் நின்றுவிடும். அவன் வண்டியின் பிளக்கைக் கழற்றி, எஞ்சின் தலைமேல் சாய்த்து வைத்து, "மாப்ளே, உதைடா" என்பார். உதைப்பேன். பொறி பறந்தால் மின்சாரத்தில் குற்றமில்லை, கோளாறு பெட்ரோல் வருகிற வழியில். பறக்காவிட்டால் பாயிண்டைத் திறந்து உப்புத்தாளால் இரண்டு இழுப்பு. இடைவெளி சரிதானா என்று பார்ப்பதற்குச் சட்டைப் பையிலிருந்து எவனோ ஒரு கமிஷன் மண்டிக்காரனின் விசிட்டிங் கார்டு வெளியே வரும். கால் மணி நேரத்தில் அந்த வண்டி போய்விடும். ஊர், பேர்கூடக் கேட்டிருக்க மாட்டார்.

மாமா எந்தத் தொழிற்பள்ளியிலும் படித்தவரல்ல. அவருக்குச் சொல்லிக் கொடுத்தது வண்டிதான். 1955-ல் சென்னையில் தொடங்கியது புல்லட் உற்பத்தி. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி கடையைக் கட்டிய பிறகும், திருவொற்றியூரிலிருந்து ஏறக்குறைய அதே எஞ்சின் அரை நூற்றாண்டுக்கு வந்துகொண்டிருந்தது. அப்பன் கற்ற வித்தை மகனுக்கும் செல்லுபடியாயிற்று. பெட்ரோல் மேலிருந்து கீழே தானாக இறங்கும், காற்றோடு கலக்கும், பொறி பட்டு வெடிக்கும். கழற்றிப் பார்த்தால் காரணம் கண்ணுக்குத் தெரியும். அவ்வளவுதான் சூட்சுமம்.

2021-ல் நானும் புது வண்டி ஒன்று வாங்கினேன். மலையேறி, மாநிலம் தாண்டி, நாள் கணக்கில் ஓடுவதற்கென்றே செய்த வண்டி. இன்றுவரை அது என்னை நடுவழியில் விட்டதில்லை. அதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமல்ல. இருந்தும் மாமாவின் ஸ்பேனர் சுருட்டைக் கூடவே வைத்திருக்கிறேன். பழக்க தோஷம்.

ஒரு தை மாதம், உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய்க்குப் போகும் வழியில் ஒரு பையன் நின்றிருந்தான். தூத்துக்குடிக்காரன்; மூணாறுக்குப் புறப்பட்டவன். அவனுடையதும் என்னுடையதைப் போன்ற பெரிய வண்டி. ஓரத்து மணலில் சறுக்கிச் சாய்ந்திருக்கிறது. கீறலைத் தவிர வேறு சேதமில்லை. ஆனால் கிளம்ப மறுக்கிறது. "கொஞ்சம் பாருங்கண்ணே" என்றான். வெகு உற்சாகமாகச் சுருட்டை அவிழ்த்தேன். பிளக்கை எட்டுவதற்கே பக்கத்துத் தகடுகளையும் டாங்கியையும் கழற்ற வேண்டும் போலிருந்தது. கார்புரேட்டரைத் தேடினால், அப்படி ஒன்று இருந்தால்தானே? டாங்கிக்குள் ஒரு மின்சாரப் பம்பு. எப்போது, எவ்வளவு பெட்ரோல் என்று தீர்மானிக்க ஒரு சின்னக் கம்ப்யூட்டர். திருகாணி இரண்டைக் கழற்றி மறுபடி அவற்றையே மாட்டினேன்.

பையன் யாருக்கோ போன் செய்தான். சாவியை அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னது மறுமுனை. போட்டான், வண்டி உறுமிற்று. வண்டி சாய்ந்துவிட்டால் எஞ்சினை நிறுத்த உள்ளே ஒரு கருவி இருக்கிறதாம். விழுந்த வண்டி தொடர்ந்து ஓடி விபரீதம் ஆகக்கூடாது என்பதற்காக. சாவியை ஒரு முறை அணைத்தால்தான் அதன் கோபம் தணியும். விழுந்த பதற்றத்தில் அவன் சாவியைத் தொடவில்லை. ஸ்பேனர் பிடித்த கர்வத்தில் நானும் தொடவில்லை. வண்டியோடு கொடுக்கிற புத்தகத்தில் எல்லாம் எழுதியிருக்கிறது என்று வீட்டுக்கு வந்து தெரிந்துகொண்டேன்.

வெட்கத்தை விடுங்கள். எனக்கு உறுத்தியது வேறு. மாமா தெரிந்துகொண்டதை வண்டியைக் கேட்டே தெரிந்துகொண்டார். இந்த வண்டியை ஆயுள் முழுதும் உற்றுப் பார்த்தாலும் சாய்வுக் கருவியின் சுபாவம் புலப்படாது. செய்தவர் சொன்னால்தான் உண்டு. சாவி விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள், சரி. பெரிய கோளாறுகளைப் படிக்கத் தனிக் கருவி வேண்டும், அது எல்லோர் கையிலும் இராது. ஒரு மனிதன் இன்னொருவனுக்கு உபகாரம் செய்வதற்கு மூன்றாவது ஒருவரின் தயவு தேவைப்படலாமா? 2022-ல் மத்திய அரசு இதற்கென்று ஒரு குழு அமைத்து, அந்த டிசம்பரில் 'பழுது பார்க்கும் உரிமை'க்காக இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டுச் சாமான்களோடு வாகனங்களும் அதில் சேர்ந்தன. நல்ல காரியம். தகவல் தருவது தயாரிப்பவரின் பெருந்தன்மையா, கடமையா என்பதை இன்னும் அழுத்தமாகக் கேட்டிருக்கலாம்.

ஆனால் மாமாவின் கட்சியிலேயே நின்றுவிடவும் மனம் இடம் கொடுக்கவில்லை. அவர் கலவையைக் காதால்தான் சரி செய்தார். எஞ்சின் சத்தம் செவிக்கு இனித்ததா என்பதே அளவுகோல். புகை யார் நெஞ்சுக்குள் போயிற்று என்று அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. சிம்மக்கல்லில் சிக்னலுக்கு நிற்கும்போது பின்னால் சைக்கிளில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கலாம். 2020 ஏப்ரல் முதல் தேதி வந்த 'பி.எஸ். 6' சட்டத்துக்குப் பிறகு, புகைக் குழாயில் பிராணவாயுவை அளக்கும் ஒரு கருவி அந்தக் குழந்தைக்காகக் காவல் இருக்கிறது. என் கையைத் தட்டிவிட்டது அந்தக் காவலும்தான். வழியில் நிற்பவனும் அந்நியன், சைக்கிளில் இருக்கிற குழந்தையும் அந்நியன். மாமா ஒருவருக்கு நல்லவராக இருந்தார். இந்த யந்திரம் மற்றொருவருக்கு நல்லதாக இருக்கிறது. இருவருக்கும் நல்லதாக ஒன்றைச் செய்ய முடியாதா என்று என்ஜினீயர்களைத்தான் கேட்க வேண்டும்.

மூணாறு போகிறவனுக்காவது போன் இருக்கிறது, பணம் இருக்கிறது. 2020 முதல் டி.வி.எஸ். எக்ஸெல்லிலும் கார்புரேட்டர் போய்விட்டது. இளநீர்க் குலையும் கீரைக்கட்டும் ஏற்றி வருகிறவனுக்கு வண்டி நின்றால் அன்றைய கூலி நின்றது. போன மாதம் நாகமலைப் பக்கம் அப்படி ஒருவர் நின்றிருந்தார். என்னால் என்ன ஆகப்போகிறது என்று எண்ணிக்கொண்டேதான் நிறுத்தினேன்.

"செயின் கழண்டுருச்சுண்ணே" என்றார்.

செயின்! மூட்டைகளை இறக்கி, இருவருமாக மாட்டி முடிக்கப் பத்து நிமிஷமாயிற்று. கை கழுவத் தண்ணீர் இல்லை. கரியைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.